லீலாவின் ஊரில் கவர் ஆல்பம் செய்யப் போகிறவர்களுக்கு

சித்தூர், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, வேலந்தாவளம், கோவிந்தாபுரம் பக்கங்களில் பாட்டுக்குழு நடத்தும் தம்பி தங்கைகளுக்கு,



கோயில் திருவிழாவுக்கும் கல்யாண வரவேற்புக்கும் கானமேளா நடத்திக்கொண்டிருந்த நம் பக்கத்துப் பிள்ளைகள் இப்போது ஆல்பம் போடும் யோசனையில் இருக்கிறீர்கள். சொந்தப் பாட்டு பிறகு வரட்டும், முதலில் பழைய தமிழ், மலையாளப் பாட்டுகளில் ஏழெட்டை எடுத்து ராக் பாணியில் கவர் செய்யலாம் என்கிறீர்கள். நல்ல யோசனை. அடுத்தவர் பாட்டைப் பாடுவதில் என்ன பெருமை என்று கேட்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். அவர்களுக்காக நீங்கள் நிற்க வேண்டாம். எனக்கு இருக்கும் கவலை வேறு. பாட்டை ஆக்கியவர்களின் பெயர் தெரியாமலேயே ஆல்பம் முடிந்துவிடக் கூடாது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

கவர் பாடி எழுந்தவர்களுக்கு நம் கேரளத்திலேயே பெரிய உதாரணம் உண்டு. 2013இல் கப்பா டிவியின் மியூசிக் மோஜோ நிகழ்ச்சியில் தைக்குடம் பிரிட்ஜ் குழு பாடிய 'நொஸ்டால்ஜியா' உங்களுக்குத் தெரியும். பழைய தமிழ், மலையாளப் பாட்டுகளைக் கோத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நழுவிப் போகும் தொகுப்பு அது. கோவிந்த் மேனனும் சித்தார்த் மேனனும் சேர்ந்து தொடங்கிய அந்தக் குழுவில், கோவிந்தின் அப்பா பீதாம்பரன் மேனனும் வேட்டி கட்டிய பெரியவராக நின்று பாடினார். கேரளம் முழுக்க அவர்களைத் தெரிந்துகொண்டது அந்தக் கவர் வழியாகத்தான். பிறகு 2015இல் 'நவரசம்' என்ற சொந்த ஆல்பம் வந்தது. அதே கோவிந்த்தான், கோவிந்த் வசந்தா என்ற பெயரில், '96' படத்துக்கு இசையமைத்தவர்.

2022இல் 'காந்தாரா' படத்தின் பாட்டு ஒன்று தங்கள் 'நவரசம்' பாட்டைப் போலவே இருக்கிறது என்று தைக்குடம் பிரிட்ஜ் கோழிக்கோட்டு நீதிமன்றத்துக்குப் போனது. தடை வந்தது, பிறகு விலகியது, வழக்கு மேல்நீதிமன்றங்களுக்கும் போனது. அதில் யார் பக்கம் நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. அடுத்தவர் பாட்டால் பேர் வாங்கிய ஒரு குழு, தன் பாட்டு என்று வந்தபோது அதன் உரிமைக்காக நீதிமன்றப் படி ஏறியது. அவர்கள் ஏறியது சரிதான். நாளைக்கு உங்கள் சொந்தப் பாட்டை ஒருவர் கேட்காமல் எடுத்தால் உங்களுக்கும் அதே கோபம் வரும். அந்தக் கோபத்தை இன்றைக்கே மனதில் வைத்து அடுத்தவர் பாட்டைத் தொடுங்கள்.

வெளிநாட்டு ராக் நட்சத்திரங்கள் எடுத்த கவர் ஆல்பங்களில் மூன்றைச் சொல்கிறேன். மூன்றையும் தேடிக் கேளுங்கள்.

முதலாவது ஜான் லெனன் 1975இல் வெளியிட்ட 'ராக் அண்ட் ரோல்'. பீட்டில்ஸ் காலத்துப் பாட்டு ஒன்றில் சக் பெரி பாட்டின் வரியை எடுத்துவிட்டார் என்று அந்தச் சக் பெரி பாட்டின் உரிமையாளர் மோரிஸ் லெவி வழக்குப் போட்டார். என் வசம் உள்ள பாட்டுகளில் மூன்றைப் பாடிப் பதிவு செய் என்ற நிபந்தனையோடு வழக்கு முடிந்தது. 1973இல் லாஸ் ஏஞ்சலிஸில் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரோடு லெனன் வேலையைத் தொடங்கினார். குடியும் கூச்சலுமாகப் பதிவு நாறியது. கடைசியில் ஸ்பெக்டர் ஒலிநாடாக்களோடு காணாமல் போனார். நாடாக்களை மீட்டு, மீதிப் பாட்டுகளை 1974இல் நியூயார்க்கில் சில நாட்களில் பாடி முடிக்க வேண்டியதாயிற்று. ஆல்பம் வெளிவருவதற்குள் லெவி தன் பங்குக்கு வேறொரு பெயரில் அதே பாட்டுகளை அஞ்சல் வழியாக விற்கவும் தொடங்கிவிட்டார். அந்த ஆல்பத்தில் பென் இ. கிங்கின் 'ஸ்டாண்ட் பை மீ' மட்டும் இன்றும் நிற்கிறது. சின்ன வயதிலிருந்து நேசித்த பாட்டை ஒருவர் பாடுவதும் வழக்குக்காகப் பாடுவதும் எப்படி இருக்கும் என்று ஒரே தட்டில் கேட்கலாம்.

இரண்டாவது டேவிட் போவியின் 'பின் அப்ஸ்'. 1973இல் பாரிஸுக்கு அருகில் ஒரு பழைய மாளிகை ஸ்டுடியோவில் பதிவானது. தன் இளம் வயதில், 1964 முதல் 67 வரை, லண்டன் கிளப்புகளில் வாசித்த குழுக்களின் பாட்டுகளை எடுத்துப் பாடினார். பிரிட்டனில் முதலிடத்துக்குப் போன ஆல்பம். இசையாக அது போவியின் சிறந்த வேலை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பிடித்தது அதன் பின்னட்டை. இவை எனக்குப் பிடித்த பாட்டுகள் என்று கையெழுத்தில் ஒரு குறிப்பு எழுதி, அந்தக் குழுக்களின் பெயர்களை வரிசையாகப் போட்டிருப்பார். அப்போது அவர் உச்சத்தில் இருந்தார். அந்தக் குழுக்களில் சில கலைந்தே போயிருந்தன. ஆனாலும் பெயரை மறக்கவில்லை.

மூன்றாவது ஜானி கேஷ். கேஷுக்கு மதிப்பு சரிந்திருந்த நேரத்தில் ரிக் ரூபின் என்ற தயாரிப்பாளர் அவரைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார வைத்து, ஒரே ஒரு கிட்டாரோடு, தோன்றிய பாட்டையெல்லாம் பாடச் சொல்லிப் பதிவு செய்தார். அதிலிருந்து 1994இல் முதல் ஆல்பம் வந்தது. 2002இல் வந்த நான்காவதில், நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர் எழுதிய 'ஹர்ட்' இருக்கிறது. இரைச்சலும் கோபமுமாக இருபதுகளில் ஓர் இளைஞன் எழுதிய பாட்டு. எழுபது வயதுக் கேஷ் அதில் ஒரு கெட்ட வார்த்தையை மட்டும் மாற்றினார், இரைச்சலை எடுத்துவிட்டார், நடுங்கும் குரலில் பாடினார். இனி அந்தப் பாட்டு தன்னுடையது அல்ல என்று எழுதியவரே சொன்னார். கவர் என்ற வேலை எட்டக்கூடிய உயரம் அது. கேஷிடம் அந்தப் பாட்டில் சொல்ல ஒன்று இருந்தது.

உங்களிடம் என்ன இருக்கிறது? பாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஹிட்டான பாட்டா, யூடியூபில் ஓடுமா என்பதெல்லாம் அப்புறம்.

இனி செய்முறைக்கு வருகிறேன். ஒரு வழக்கத்தை நீங்கள் விட்டே ஆக வேண்டும். கரோக்கி டிராக்கை இறக்கிக்கொண்டு, அதன் மேல் டிஸ்டார்ஷன் போட்ட கிட்டாரை ஏற்றி, டிரம்ஸைத் தடித்துவிட்டு, இது ராக் வெர்ஷன் என்று சொல்லும் வழக்கம். அதில் உங்கள் யோசனை எதுவும் இல்லை. டிராக்கைத் தூர வைத்துவிட்டு, குரலும் தம்புரா சுருதியும் மட்டும் வைத்துப் பாட்டை ஒரு முறை பாடிப் பாருங்கள். இன்டர்லூட், பி.ஜி.எம். எல்லாம் கழன்ற பிறகு மெட்டு தனியாக நிற்கும். அதன் எலும்பு எங்கே, சதை எங்கே என்று அப்போதுதான் தெரியும். அதற்குப் பிறகு சுருதியை முடிவு செய்யுங்கள். அந்தக் காலத்துப் பெண் பாடகிகள் அநாயாசமாகத் தொட்ட மேல் ஸ்தாயியை இன்றைய குரல் ஒன்று திணறித் தொடுவதைக் காட்டிலும், ஒரு கட்டை இறக்கி நிம்மதியாகப் பாடுவது மேல்.

கிட்டார் வாசிக்கும் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. நம் மெட்டுகளில் பெரும்பாலானவை ராகத்தில் பிறந்தவை. மேஜர், மைனர் கார்டுகளை வரிசையாகப் போடும்போது காந்தாரத்தை ஓரிடத்தில் ஆணியடித்துவிடுகிறீர்கள். பாடகர் அதே காந்தாரத்தைக் கமகத்தோடு அசைத்துப் பாடினால் இரண்டும் முட்டிக்கொள்ளும். கேட்கிறவருக்குக் காரணம் தெரியாது, எங்கோ உறுத்துகிறது என்று மட்டும் தெரியும். ராக் இசையிலேயே இதற்கு மருந்து இருக்கிறது. பவர் கார்டில் சட்ஜமும் பஞ்சமமும் மட்டும்தான் உண்டு, காந்தாரம் கிடையாது. அதாவது கிட்டத்தட்ட தம்புரா கொடுக்கிற இடத்தையே அது கொடுக்கிறது. பெங்களூரின் அகம் போன்ற கர்நாடக ராக் குழுக்களின் பாட்டுகளில் கனத்த கிட்டாருக்கு மேலே கமகம் தடையில்லாமல் ஓடுவதைக் கூர்ந்து கேளுங்கள். அகம் குழுவில் பாடும் ஹரீஷ் சிவராமகிருஷ்ணன் நம் பாலக்காட்டு மாவட்டத்து ஷொரணூர்க்காரர். பழைய மலையாளப் படப்பாட்டுகளை அவர் தன் போக்கில் விரித்துப் பாடுவதைக் கொண்டாடுகிறவர்களும் உண்டு, பாட்டைக் கெடுக்கிறார் என்று திட்டுகிறவர்களும் உண்டு. நான் முதல் கட்சி. மெட்டை மனப்பாடமாக அறிந்தவர் விலகிப் போவது வேறு, தெரியாமல் நழுவுவது வேறு.

நம் பக்கத்துக் கானமேளா மேடைகளில் பல வருஷம் கீபோர்டு வாசித்தவன் நான். பாடகர்கள் கையில் வைத்திருக்கும் நீள நோட்டுப் புத்தகம் உங்களுக்கும் தெரிந்ததுதான். தமிழ்ப் பாட்டை மலையாள எழுத்திலும் மலையாளப் பாட்டைத் தமிழ் எழுத்திலும் எழுதி வைத்திருப்பார்கள். பக்கத்தின் மேல் மூலையில் எத்தனை கட்டை என்று ஒரு எண். ஓரத்தில் கோரஸ், ஹம்மிங் வரும் இடங்களுக்குச் சிவப்பு மையில் குறி. மழையில் நனைந்து பக்கங்கள் வீங்கியிருக்கும். அந்த நோட்டுகளில் பாடினவர் பெயர் சிலசமயம் இருக்கும், நடிகர் பெயர் கட்டாயம் இருக்கும். எழுதியவர், மெட்டமைத்தவர் பெயரை நான் பார்த்ததே அபூர்வம். மேடையிலும் இன்ன நடிகர் பாட்டு என்றுதான் அறிவிப்போம். ஆல்பத்துக்கு அந்த நோட்டு உதவாது.

உங்கள் தொகுப்பில் ஒரு பாட்டையாவது நம் ஊர்க்காரர் ஒருவருக்காகக் கேட்கிறேன். பி. லீலா. 1934 மே 19ஆம் தேதி இதே சித்தூரில் பிறந்தவர். சிறுமியாகவே மெட்ராஸுக்குப் போனார். பின்னணிப் பாடல் முறை முதன்முதலில் வந்த மலையாளப் படமான 'நிர்மலா'வில், 1948இல், பாடினார். அதன் பிறகு தமிழ், தெலுங்கு, மலையாளம் என்று தென்னாட்டு மொழிகளிலெல்லாம் அவர் குரல் போயிற்று. 'மிஸ்ஸியம்மா' படப் பாட்டுகளில் அவர் குரல் உண்டு. 'மாயாபஜார்' படத்தில் நிலவொளியில் ஓடம் போகும் பாட்டு, கண்டசாலாவோடு அவர் பாடியது. குருவாயூரில் விடியற்காலையில் ஒலிக்கும் நாராயணீயமும் ஞானப்பானையும் அவர் குரல்தான். 2005 அக்டோபரில் காலமானார். அடுத்த வருஷம் பத்மபூஷண் வந்தது, வாங்க அவர் இல்லை. பக்கத்து எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ். விஸ்வநாதனையாவது நம் பிள்ளைகளுக்குத் தெரிகிறது. லீலா சித்தூர்க்காரர் என்று சொன்னால், அப்படியா என்று கேட்கிறார்கள். அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறையும் இசைத் துறையும் ஒரே வளாகத்தில் இருக்கிற ஊர் இது. இங்கே இந்த 'அப்படியா' எனக்கு வலிக்கிறது.

என் தேர்வு 1958இல் ஜெமினி எடுத்த 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தின் போட்டிப் பாட்டு. பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆட, லீலாவும் ஜிக்கியும் பாடியது. வரி கொத்தமங்கலம் சுப்பு, இசை சி. ராமச்சந்திரா. ராக்குக்கு இதைவிடப் பொருத்தமான பழைய பாட்டு எனக்குத் தெரியாது. இரண்டு குரலுக்கும் குணம் வேறு. சாஸ்திரீயப் பயிற்சியில் திரண்ட குரல் லீலாவுடையது, துள்ளலான குரல் ஜிக்கியுடையது. பாட்டு மெதுவாகத் தொடங்கி, ஒருவரை ஒருவர் விஞ்சி, வேகம் ஏறிக்கொண்டே போய் உச்சியில் மோதும். உங்களிடம் இரண்டு பாடகிகளும் இரண்டு கிட்டாரும் இருந்தால் போதும். ஒரு கிட்டாரைச் சுத்தமான ஒலியில் லீலாவுக்குப் பக்கத்தில் வையுங்கள், இன்னொன்றை டிஸ்டார்ஷனோடு ஜிக்கிக்கு. கிளிக் டிராக்கில் பூட்டாதீர்கள். வேகம் ஏறுவதுதான் அந்தப் பாட்டின் உயிர். டிரம்மர் பாடகிகளின் முகத்தைப் பார்த்து வாசிக்கட்டும்.

உரிமை விஷயத்தைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஓர் ஒலிப்பதிவின் உரிமை அது வெளியான பிறகு 60 ஆண்டு. வரிக்கும் மெட்டுக்கும் ஆக்கியவர் இறந்த பிறகு 60 ஆண்டு. 1958இன் ஒலிப்பதிவுக்கு 2018 முடிவோடு காலம் தீர்ந்துவிட்டது. ஆனால் சுப்பு 1974இல் காலமானார், ஆகவே அவர் வரிகளுக்கு 2034 முடியும் வரை உரிமை உண்டு. ராமச்சந்திரா 1982இல் போனார், அவர் மெட்டுக்கு 2042 வரை. பழைய பாட்டுதானே, யார் கேட்கப் போகிறார்கள் என்று நினைக்க முடியாது.

கவர் பதிவுக்கென்றே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. 2012 திருத்தத்தில் வந்த 31சி பிரிவு. முதல் பதிவு வந்து ஐந்து ஆண்டு கழிந்த பாட்டுக்கு முன்கூட்டி அறிவிப்புக் கொடுத்து, ராயல்டியும் முன்பணமாகக் கட்டிவிட்டால், உரிமையாளர் மறுக்க முடியாது. இதற்கு முன் இரண்டே ஆண்டு போதும் என்றிருந்த காலத்தில்தான் குல்ஷன் குமாரின் டி-சீரிஸ் பழைய இந்திப் பாட்டுகளைப் புதுக் குரல்களில் பாடவைத்துக் கேசட்டுகளாகக் குவித்தது. இப்போது நிபந்தனை இறுகிவிட்டது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஆண்டுக்குக் குறைந்தது 50,000 பிரதிக்கான ராயல்டி கட்ட வேண்டும். தொழில்நுட்பத்துக்குத் தேவையானதைத் தவிர வரியிலோ இசையிலோ மாற்றம் செய்யக் கூடாது. ஒலிப்பதிவுக்கு மட்டும்தான் இந்த வழி, வீடியோவுக்கு இல்லை. அட்டையில் முன்பு பாடியவரின் பெயரோ படமோ, பாட்டு வந்த சினிமாவின் பெயரோ இருக்கக் கூடாது, இது கவர் பதிப்பு என்று அச்சிட வேண்டும்.

நீங்கள் செய்யப் போவது முழு மாற்றம். உங்கள் பணம் கல்யாணக் கச்சேரியில் சேர்த்த பணம். அதனால் இந்தப் பிரிவு உங்களுக்கு உதவாது என்பது என் கருத்து. உரிமையாளரைத் தேடிப் பிடித்து எழுத்து மூலம் நேராக அனுமதி வாங்குங்கள். பழைய எச்.எம்.வி. தட்டுகளின் உரிமை இன்று சரிகம நிறுவனத்திடம் இருக்கிறது, அங்கிருந்து விசாரிக்கத் தொடங்கலாம். வீடியோவும் போடுவதாக இருந்தால் அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள். மேடையில் பாடுவதற்கு உரிமம் தனி, அதற்கு ஐ.பி.ஆர்.எஸ். என்ற உரிமச் சங்கம் இருக்கிறது. மேடைதானே என்று இளப்பமாக எண்ண வேண்டாம். 2017இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் வெளிநாட்டுக் கச்சேரிகளில் இளையராஜா பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தபோதே ராஜாவின் வழக்கறிஞரிடமிருந்து அறிவிக்கை போயிற்று. அந்தப் பாட்டுகளைப் பாடிய குரலுக்கே அது நடந்தது. அப்போது பலர் ராஜாவைத் திட்டினார்கள். மெட்டுப் போட்டவர் தன் பங்கைக் கேட்பதில் எனக்குத் தப்பு தெரியவில்லை.

பணமே இல்லை என்றால் அதற்கும் வழி உண்டு. பாரதியின் வரிகள் யாருக்கும் சொந்தமில்லை. தன்னிடமிருந்த இசைத்தட்டு உரிமையை ஏவி. மெய்யப்பச் செட்டியார் 1949இல் அரசுக்கு விட்டுக்கொடுத்தார், பிறகு அந்தப் பாட்டுகள் மக்களுடையவை ஆயின. ஆனால் பாரதி வரிக்குச் சினிமாவில் போட்ட மெட்டு இசையமைப்பாளருடையது. இதைப் பலர் கவனிப்பதில்லை. 1961இல் வந்த 'கப்பலோட்டிய தமிழன்' படத்துக்கு மெட்டமைத்த ஜி. ராமநாதன் 1963இல் காலமானார். 2023 முடிவோடு அவர் மெட்டுகளின் உரிமைக் காலமும் தீர்ந்தது. ஆக, பி.பி. ஸ்ரீனிவாஸும் சுசீலாவும் அந்தப் படத்தில் பாடிய கண்ணம்மாப் பாட்டை இன்றைக்கு நீங்கள் யாரிடமும் கேட்காமல், ஒரு காசு கட்டாமல், எப்படி வேண்டுமானாலும் உடைத்துக் கட்டலாம். 1959இல் மறைந்த பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரத்தின் வரிகளுக்கு ராமநாதன் போட்ட மெட்டுகளும் அப்படியே. ஆல்பத்தில் பாதியை இந்தக் களஞ்சியத்திலிருந்து எடுத்தால், மிஞ்சும் பணத்தில் லீலா பாட்டுக்கு முறையாக அனுமதி வாங்கிவிடலாம். பணம் கட்ட வேண்டாத பாட்டுக்கும் ராமநாதன் பெயரைப் போடுங்கள்.

அனுமதிக் கடிதம் எழுதும்போது, முதலில் பாடியவர்களின் பெயரை அட்டையில் போட்டுக்கொள்ளச் சம்மதம் வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். கிடைத்தால் சுப்பு, ராமச்சந்திரா பெயர்களோடு லீலா, ஜிக்கி பெயர்களும் அச்சேறட்டும். கிடைக்காவிட்டால் அட்டையில் வேண்டாம். வெளியீட்டைச் சித்தூரிலேயே வையுங்கள். அந்தப் பாட்டைத் தொடங்குவதற்கு முன் மைக்கைப் பிடித்து, இது பி. லீலா பாடிய பாட்டு, அவர் இந்த ஊரில் பிறந்தவர் என்று தமிழில் ஒரு முறை, மலையாளத்தில் ஒரு முறை சொல்லிவிட்டுப் பாடுங்கள்.

அன்புடன்,
சித்தூரிலிருந்து உங்கள் பழைய கீபோர்டு அண்ணன்